மிரஜுக்குப் போகாத வண்டி

இசக்கிதுரை குழாய்க்காரர். ஆனால் வீடுகளுக்குக் குழாய் போடுகிறவர் அல்ல. சினிமாப் படப்பிடிப்புக்குப் போகும் வேன்களுக்குள் தண்ணீர்த் தொட்டி, பம்ப், ஷவர், வாஷ்பேசின் பொருத்துவதுதான் அவர் தொழில். நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளவும் படுத்து இளைப்பாறவும் வைத்திருக்கும் அந்த வண்டிகளை மும்பையில் வேனிட்டி வேன் என்பார்கள். செம்பூரில் அவற்றைக் கட்டித் தரும் பட்டறை ஒன்றில் மீசை முளைத்த வயதில் சேர்ந்தவர், தலை நரைத்த பிறகும் அங்கேயேதான் இருந்தார். துரை பாய் கை வைத்தால் தண்ணீர் சொன்னபடி கேட்கும் என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கும். பின்னால் அதை நினைத்தாலே காது கூசியது.

வீடு தாராவியில். ஒரே அறை, மேலே ஒரு பரண். தெருக்குழாயில் விடியும் முன் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், அதுவும் நூல் மாதிரி. அவர் மனைவி பேராச்சி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குழாயடியில் குடத்தோடு நின்றாள். முதல் சில வருடங்கள் அவள் தங்கை சண்முகவடிவும் கூட நின்றாள். தாயில்லாத பெண் என்று அக்காளோடு மும்பைக்கு வந்தவள் வடிவு. வரிசையில் யாராவது இடையில் புகுந்தால் அக்காள் பேசாமல் ஒதுங்கிவிடுவாள். தங்கை விட மாட்டாள். அரைகுறை இந்தியிலேயே நாலு கேள்வி கேட்டு இடத்தை மீட்டுவிடுவாள். பிறகு மும்பையிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்திலுள்ள மிரஜ் ரயில் நிலையத்தில் பார்சல் ஏற்றி இறக்கும் வேலையிலிருந்த சிவனாண்டிக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். வடிவுக்குக் குழந்தை இல்லை. அக்காளும் தங்கையும் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். சமையல் என்ன என்று ஆரம்பித்தால், குழம்பு கொதித்து இறங்கும் வரை பேச்சு ஓடும்.

பட்டறை முதலாளி மகேஷ்குமார் ஒரு நாள், ஓடி ஓய்ந்து மூலையில் நின்ற சின்ன வேன் ஒன்றை இசக்கிதுரைக்கே கொடுத்துவிட்டார். இத்தனை வருடம் உழைத்ததற்கு என் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும், பழைய இரும்புக்காரனிடம் போவதற்குப் பதில் நீயே வைத்துக்கொள் என்றார். அன்று வீட்டுக்கு வந்த இசக்கிதுரைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏளா, நமக்கு ஒரு வண்டி வந்திருக்கு. உள்ளயே கட்டில், அடுப்பு, குளிமுறி எல்லாம் வச்சிருவேன். எங்க நெனச்சாலும் போவலாம். ராத்திரி அங்கனயே படுத்துக்கிடலாம்" என்றார்.

"எங்க போவணும்?" என்று கேட்டாள் பேராச்சி.

"நீ சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "மிரஜுக்குப் போவணும். வடிவப் பாக்கணும்" என்றாள்.

வடிவுக்கு அதற்கு முந்தைய வருடம்தான் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவளால் மும்பைக்கு வர முடியாது. அக்காள்தான் போக வேண்டும்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்த மாலைகளிலும் இசக்கிதுரை அந்த வண்டியோடுதான் கிடந்தார். துருப்பிடித்த தகடுகளை மாற்றினார். மடக்குக் கட்டில் செய்தார். வெளியே புதுப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது, பழைய ஓட்டை, பள்ளம் ஒன்றும் தெரியக் கூடாது, எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்து வழவழவென்று ஆக்கிவிடு என்று பக்கத்தில் நின்று சொன்னார். வண்டி இளம்பச்சை நிறத்தில் புதுப்பெண் மாதிரி நின்றது. பின்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் குளியலறை. மேலே அகலமான ஷவர். பொருத்தும்போது தண்ணீர் விட்டுப் பார்த்தார். முதுகில் அறைகிற மாதிரி கொட்டியது.

அதைப் பேராச்சிக்குக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திருப்பினாள். தண்ணீர் சோவென்று விழுந்தது. அவள் சின்னப் பெண் போலச் சிரித்தாள். அங்கேயே நின்று தங்கைக்கு வீடியோ கால் போட்டாள்.

"வடிவு, பாரு. எப்படிக் கொட்டுது பாரு!"

போனில் வடிவின் முகம் வீங்கி வெளுத்திருந்தது. ஆனால் குரல் பழைய குரல்தான். "யக்கா, தெருக்குழாய்ல நின்னு செத்தோமே, இப்ப பாத்தியா! அத்தான் எங்க? அத்தான், வண்டியக் கொண்டாங்க. நா வந்து நல்லா தலைக்கு ஊத்திக்கிடுதேன். குடிக்கத்தான் அளவு வச்சிருக்கான் டாக்டரு, குளிக்க ஒண்ணும் சொல்லல."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மெலிந்தது. பம்ப் முக்கி முனகியது. கொஞ்ச நேரத்தில் ஷவரின் நடுவிலிருந்து நாலைந்து இழைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. இசக்கிதுரைக்கு முகம் சுண்டிவிட்டது.

"நின்னுட்டா அத்தான்?" என்றாள் வடிவு.

"இல்லம்மா, புது வண்டியில்லா, கொஞ்சம் பாக்கணும். சரி பண்ணிக் கொண்டாறேன்" என்றார் அவர்.

"இது போதும்ங்க. ஒரு வாளியும் செம்பும் வச்சிக்கிட்டாப் போவுது" என்றாள் பேராச்சி வெளியே வந்ததும்.

"வாளியில ஊத்தவா இவ்வளவு பாடுபட்டேன்?" என்று கேட்டார். கோபமாக இல்லை. பேராச்சி செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினார். முதலில் ஷவர் தலையைக் கழற்றினார். ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி உப்பை எடுத்தார். தொட்டியை நிரப்பிக்கொண்டே ஓட்டிப் பார்த்தார். நன்றாக வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போய் மறுநாள் மாலை திறந்தால், முதலில் வேகமாக வந்து கொஞ்ச நேரத்தில் இளைத்துவிட்டது. பம்புக்கு முன்னால் தூசி பிடிக்கும் சின்ன வலையைக் கழற்றிக் கழுவினார். அதே கதை. பம்பையே மாற்றினார். அதே கதை. சந்தேகத்துக்கு இடமே வேண்டாம் என்று குழாய்களைப் பிரித்து, கூடுதல் அகலமான குழாய் வாங்கிப் போட்டார்.

பட்டறையில் மின்சார வேலை பார்க்கும் பைசான் பேட்டரியைச் சோதித்துவிட்டு, "துரை பாய், கரண்ட்ல ஒண்ணும் குறை இல்ல" என்று இந்தியில் சொன்னான். "பம்போட சத்தம்தான் மாறுது. எதையோ இழுக்க முடியாம தவிக்கிற மாதிரி இருக்கு. வேற ஒரு டொக்குன்னு சத்தம் வருதே, அது என்ன?"

"அது தொட்டித் தகடு. புதுசா மாட்டினா அப்படித்தான் கொஞ்ச நாள் சத்தம் போடும்" என்றார் இசக்கிதுரை. சொன்னது அவராக இருந்ததால் பைசான் மேலே கேட்கவில்லை.

வாரங்கள் போயின. வடிவு போனில் ஒவ்வொரு முறையும் கேட்டாள், "வண்டி கெளம்பிட்டா?" என்று. முதலில் கேலியாகக் கேட்டாள். அப்புறம் சும்மா கேட்டாள். ஒரு தடவை, "அக்கா, தண்ணி வராட்டா என்ன, இங்க நம்ம வீட்லயே வருதே, வெந்நி போட்டுத் தாரேன், வா" என்றாள். பேராச்சி போனைக் கையால் மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் தரையில் பரப்பிய பத்திரிகைத் தாளில் பழைய பம்பின் உறுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம்னு சொல்லு" என்றார்.

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"அவ ஆசையா கேட்டாளா இல்லையா? தலைக்கு ஊத்திக்கிடுதேன்னு கேட்டாளா இல்லையா? அங்க கொண்டு நிப்பாட்டி, தொறந்தா சொட்டு சொட்டுன்னு வந்தா நல்லாவா இருக்கும்? சிவனாண்டி என்ன நெனப்பான்? ஊருக்கெல்லாம் செய்யுதவன் மச்சினிக்குச் செய்யல்லன்னு நெனைக்க மாட்டானா?"

பேராச்சி கையை எடுத்துவிட்டு, "அடுத்த வாரம் வந்துருவோம் வடிவு" என்றாள்.

அந்த அடுத்த வாரத்தில்தான் ஒரு காலை சிவனாண்டி போன் செய்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே வடிவுக்கு மூச்சு முட்டியது, டாக்டர்கள் ஓடி வந்தார்கள், பயனில்லை. சிவனாண்டி அதற்கு மேல் சொல்ல முடியாமல் போனைப் பக்கத்திலிருந்த யாரிடமோ கொடுத்துவிட்டார்.

வண்டியை எடுக்கலாமா என்று இசக்கிதுரை கேட்கவில்லை. பேராச்சியும் அதன் பேச்சை எடுக்கவில்லை. சான்பாடாவில் இருக்கும் மகள் ஜான்சி ஒரு வாடகைக் காரைப் பேசிக்கொண்டு வந்தாள். மூவரும் அதில் போனார்கள். வழி முழுக்கப் பேராச்சி அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மிரஜ் தெருவுக்குள் கார் நுழைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அது குறுகலான தெரு. இரண்டு பக்கமும் வண்டிகள். வடிவின் வீட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு பெரிய வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. டிரைவர் நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். இசக்கிதுரை இறங்கியபோது பக்கத்து வீட்டு ரிக்‌ஷாக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் மும்பை அத்தானா?" என்று இந்தியில் கேட்டார். 'அத்தான்' என்ற சொல்லை மட்டும் அவர் தமிழிலேயே சொன்னார், வடிவு சொல்லக் கேட்டிருப்பார் போல. "இங்கதான் நான் ரிக்‌ஷாவை நிறுத்துவேன். அக்கா சக்கரம் வைத்த வீட்டில் வருகிறாள், இடம் வேண்டும் என்று வடிவு பெஹன் என்னைத் தெருமுனைக்கு விரட்டிவிட்டாள். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேறு யாரும் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டாள். எத்தனை நாள்! வண்டி வரவில்லையா?"

 உள்ளே பேராச்சி தங்கையின் மேல் விழுந்து அழத் தொடங்கிய சத்தம் கேட்டது. இசக்கிதுரை வாசற்படியைத் தாண்டாமல் அந்தக் காலி இடத்திலேயே நின்றார். சிவனாண்டி வெளியே வந்து, "அண்ணாச்சி, உள்ள வாங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் அவரால் நகர முடிந்தது.

காரியங்கள் முடிந்து திரும்பியபின் இசக்கிதுரை வண்டியின் பக்கமே போகவில்லை. பட்டறையில் மற்ற வேன்களின் வேலையைப் பார்ப்பார், அந்தப் பச்சை வண்டியைப் பார்க்காமல் சுற்றிப் போவார். மழைக்காலம் வந்தது. தார்ப்பாயைக்கூட பைசான்தான் இழுத்துக் கட்டினான். மழை ஓய்ந்தபிறகு ஒரு மத்தியானம் மகேஷ்குமார் கூப்பிட்டு, இடம் போதவில்லை, அந்த வண்டியை ஏதாவது செய் என்றார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இசக்கிதுரை தீர்மானித்தார். கொடுப்பதற்கு முன் தொட்டியைக் கழுவிவிட வேண்டும் என்று தண்ணீர் நிரப்பினார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், நிரப்பும் வாயின் மூடியைப் போட மறந்து போய்விட்டார். திரும்பி வந்து, தொட்டி காலியாகட்டும் என்று ஷவரைத் திறந்துவிட்டு, எப்படியும் மெலியப் போகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தார்.

தண்ணீர் மெலியவில்லை. கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து வந்து பார்த்தார். கையை நீட்டினார். உள்ளங்கையைத் தள்ளியது தண்ணீர். தொட்டி வறண்டு பம்ப் வெறுமனே சுற்றும் வரை அப்படியே கொட்டியது. குழம்பிப்போய் வெளியே வந்தவர் கண்ணில், திறந்து கிடந்த மூடி பட்டது.

அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய, குறைந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அதற்கென்று ஒரு சின்னக் குழாய் தொட்டியிலிருந்து வண்டியின் பக்கத் தகடு வரை வந்து, ஒரு ஓட்டையாய் முடியும். அந்த ஓட்டையைக் காணோம். பட்டியும் பெயிண்டும் அதை மூடியிருந்தன. காற்று போகாமல் பம்பால் இழுக்க முடியவில்லை. தகடு டொக்கென்று சத்தம் போட்டதும் உள்பக்கம் ஒடுங்கியதால்தான். அவர் சோதித்தபோதெல்லாம் தண்ணீர் நிரப்பிக்கொண்டே, மூடியைத் திறந்து வைத்துத்தான் சோதித்தார். அதனால் சோதிக்கும்போது மட்டும் நன்றாக வந்தது. இந்த வண்டிக்கு அந்தக் காற்றுக்குழாயைப் பல வருடங்களுக்கு முன் வைத்தவரே அவர்தான். தான் வைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று அந்தப் பக்கம் பார்க்கவே தோன்றவில்லை.

ஆணி ஒன்றை எடுத்துப் பெயிண்டைத் தட்டித் தட்டித் தேடினார். ஓரிடத்தில் ஆணி உள்ளே போனது. அவ்வளவுதான் வேலை. அவர் வண்டியின் நிழலில் தரையில் உட்கார்ந்தார். பைசான் டீ கொண்டுவந்து வைத்தான். ஆறிப்போன டீயை அவனே எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்குப் போனபோது பேராச்சி புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கும் ஒரு புடவைக்கடைக்கு அவள் தைத்துக் கொடுப்பது வழக்கம். அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏளா, தண்ணி ஏன் வரலன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

அவள் நிமிரவில்லை. "ஏன்?"

"மூடியத் தொறந்து வச்சா வருது. காத்து போற ஓட்டைய பட்டி வச்சி அடைச்சிட்டோம். பெயிண்ட் அடிக்கையில நாந்தான் சொன்னேன், ஓட்டை ஒண்ணும் தெரியப்பிடாதுன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்பம் மூடியத் தொறந்துபோட்டுட்டே போயிருக்கலாம்."

"ஆமா."

"தண்ணி வராட்டாலும் போயிருக்கலாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஊசியில் வேறு நூலைக் கோக்கப் பார்த்தாள். நூல் நுழையவில்லை. புடவையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"ஒங்கள மட்டும் சொல்லல" என்றாள். "ஜான்சி ரெயிலுக்கு டிக்கெட் போட்டா. ஒங்களுக்குத் தெரியாது. நீங்க பம்ப மாத்துன சமயம். அம்மா, நீங்க ரெண்டு பேரும் ரெயில்ல போயி சித்தியப் பாத்துட்டு வாங்க, வண்டி அப்புறம் போவட்டும்னு சொன்னா. நாந்தான் வேண்டாம்னு ரத்து பண்ணச் சொன்னேன். அப்பா அவ்வளவு ஆசையா செய்யுதாவ, மனசு கஷ்டப்படும்னேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா போயிருப்பீங்களா?"

இசக்கிதுரை யோசித்தார். போயிருப்பேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அதுவும் முழுசா நெசமில்ல" என்றாள் பேராச்சி. "எனக்கும் ஆசதான். அந்தத் தெருவுல அந்த வண்டியில போயி எறங்கணும்னு. அவ வாசல்ல நின்னு பாக்கணும்னு. ஒரு நாள்கூட நா அப்படி எங்கயும் போயி எறங்கினதில்ல." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் அவளைத் தேற்றப் போகவில்லை. தேற்றும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தார்.

வண்டியைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சாவி கொடுக்கிற நாள் காலையில், நானும் வாரேன் என்று பேராச்சி கிளம்பினாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். பட்டறைக்கு வந்ததும், "தண்ணி ரொப்பியிருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

அவள் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இசக்கிதுரை வெளியே நின்றார். பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. ஒரே சீராக, முனகாமல் ஓடியது. தண்ணீர் தரையில் அறைந்து விழும் சத்தமும் கேட்டது. வண்டிக்கடியில் சோப்பு நுரையோடு தண்ணீர் ஓடி வந்து அவர் செருப்பை நனைத்தது. அவர் விலகவில்லை. வெகுநேரம் கழித்துச் சத்தம் நின்றது. அதன் பிறகும் அவள் வெளியே வர நேரமாயிற்று.

வந்தபோது மாற்றுப் புடவை கட்டியிருந்தாள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நல்லா விழுது" என்றாள். "முதுகு வலிக்குத மாதிரி விழுது."

 அதற்குள் வண்டி எடுப்பவர் ஆட்களோடு வந்துவிட்டார். இசக்கிதுரை அவரைக் கூட்டிப்போய், நிரப்பும் வாய் இது, காற்று போகும் ஓட்டை இது, இதை எந்தக் காலத்திலும் அடைத்துவிடாதீர்கள் என்று காட்டினார். அந்த ஆள் தலையாட்டிவிட்டு இருக்கையின் உறையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிதுரை இன்னொரு முறை சொன்னார். சாவியைக் கொடுத்தார். வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும் வரை கணவன் மனைவி இருவரும் நின்று பார்த்தார்கள்.

தாராவிக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம். பேராச்சிக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டை எடுத்துவிட்டிருந்தாள். கூந்தலிலிருந்து நீர் சொட்டி இருக்கையின் பின்பக்கம் நனைந்தது. பின்னால் இருந்த பெண் முகத்தைச் சுளித்து, மழை எங்கே பெய்கிறது என்று மராட்டியில் கேட்டாள்.

"குளிச்சிட்டு வாரேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பேராச்சி கூந்தலைப் பிழிந்து முன்பக்கம் போட்டுக்கொண்டாள்.